சோளத்தின் பசியையும் தாகத்தையும் பிரித்தறிந்த எங்கள் உழவியல் தலைவிக்கு

மண்ணைப் பிடித்தே ஈரம் அறிந்தவரே! இலையைப் பார்த்தே இல்லாமை உணர்ந்தவரே! பாத்திதோறும் பாதம் பதித்து, பயிர்தோறும் பார்வை செலுத்தி, சொல்லில் சுருக்கமும் செயலில் நெருக்கமும் சினத்திலும் ஒரு சிரிப்பும் சேர்த்து வைத்திருக்கும் சிறப்புக்குரியவரே! தானியச் சோள ஆராய்ச்சி நிலையத்தின் உழவியல் பிரிவுத் தலைவியே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரியவரே! வணக்கம்.

இம்மடலின் முதல் வரைவில் தங்களைக் கடல் என்றோம், மலை என்றோம், கலங்கரை விளக்கம் என்றும் ஒரு வரி சேர்த்தோம். படிக்கக் கேட்ட நம் டிராக்டர் ஓட்டுநர், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதுல மேடம் எங்க இருக்காங்க?" என்று ஒரே போடாகப் போட்டார். வரைவு கிழிந்தது. ஆகவே கடலையும் மலையையும் அவை இருக்கும் இடத்திலேயே இருக்க விட்டு, நாங்கள் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் இங்கே சொல்கிறோம். இந்தப் பணி நிறைவு விழா மேடையில் அமர்ந்திருக்கும் தாங்கள் இடையில் எழுந்து திருத்தம் சொல்ல வேண்டாம் என்று மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.

தாங்கள் இந்நிலையத்தில் அடியெடுத்து வைத்த காலத்தில், சோளம் என்றால் தானாக முளைத்துத் தலையெழுத்துப்படி விளையும் பயிர் என்பதே பலரின் எண்ணம். உண்மையைச் சொன்னால் எங்களில் சிலரின் எண்ணமும் அதுதான். நெல்லுக்கும் பருத்திக்கும் முன்வாசல் அறைகள். சோளத்துக்குக் கழிவறையை அடுத்த மூலை அறை. அந்த மூலை அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் தாங்கள். கூடவே ஒரு கேள்வியையும் எடுத்துக்கொண்டீர்கள்: எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு தழைச்சத்து?

கேட்பதற்குச் சிறிய கேள்வி. விடை தேடவோ ஒரு வயலையே கூறு போட வேண்டியிருந்தது. சில பாத்திகளுக்கு நிறைய நீர், சிலவற்றுக்கு அரை நீர். அவை ஒவ்வொன்றிலும் தழைச்சத்து உரமே இடாதது, கொஞ்சம் இட்டது, நடுத்தரமாய் இட்டது, தாராளமாய் இட்டது என நான்கு வகை. வாரம் தவறாமல் செடிகளைப் பிடுங்கி வந்து, இலை வேறு, தண்டு வேறு, கதிர் வேறாகப் பிரித்து, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்போம். "பயிரு சாப்பிட்டதை எங்க கொண்டுபோய் வைக்குதுன்னு பாக்கணும்" என்பீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, எங்கள் வீட்டில் பிள்ளைகள் சாப்பிடும்போதும் அதே கண்ணோடு பார்க்கத் தொடங்கினோம் என்பது வேறு கதை.

கதிர் முற்றும் வேளையில் குருவிகள் கூட்டம் கூட்டமாய் வந்து இறங்கும். தகரம் தட்டினோம், துணி கட்டினோம், கணக்கர் ஒருவர் பாடியும் பார்த்தார். பாட்டுக்கு மட்டும் சற்று அஞ்சின. கடைசியில் கைகொடுத்தவர், கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கும் தங்கள் கணவர். கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளையெல்லாம் கதிருக்கு அளவெடுத்துப் பைகளாய்த் தைத்து அனுப்பினார். கோடு போட்ட சட்டைத் துணி, பூப்போட்ட பாவாடைத் துணி, பள்ளிச் சீருடைத் துணி என ஆளுக்கொரு உடுப்போடு கதிர்கள் காற்றில் தலையாட்டி நின்ற காட்சியை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், கால்வாயின் கடைமடையில் சோளம் பயிரிடும் தங்கள் கொழுந்தனார் அதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொன்னார்: "எங்க அண்ணி வயல்ல சோளமெல்லாம் சட்டை போட்டுக்கிட்டு நிக்குது. அடுத்த வருஷம் ஆளுக்கொரு செருப்பு வாங்கிக் குடுத்தா, பள்ளிக்கூடத்துக்கே போயிடும்!"

அப்படிச் சிரித்துக்கொண்டிருந்த அதே கொழுந்தனார், நம் நிலையத்தின் வாசலில் முப்பது நாற்பது உழவர்களோடு முறைத்துக்கொண்டு வந்து நின்ற ஆண்டும் ஒன்று உண்டு. தங்கள் ஆய்வின் மூன்றாம் ஆண்டு அது. கடைசி ஆண்டும் அதுவே.

விதைப்புக்கு மழை பெய்தது. பயிர் பச்சைப் பசேலென முளைத்தது. அதன்பின் வானம் வாயை மூடிக்கொண்டது. அணையில் நீர் இல்லை, கால்வாய் இனித் திறக்காது என்று அறிவிப்பு ஒட்டினார்கள். கடைமடை வயல்கள் வாடத் தொடங்கின. நம் நிலையத்துக் குட்டையில் மட்டும், முன்பே நிரப்பி வைத்த நீர் தளும்பிக்கொண்டிருந்தது. வேலிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ!

"அண்ணி, உள்ள தண்ணி நெறஞ்சு கெடக்கு. வெளிய எங்க பயிரு காயுது. நீங்க பாத்தி பாத்தியா ஆராய்ச்சி பண்ணுவீங்க, நாங்க வேலியப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாக்கணுமா?" என்று அவர் கேட்டார்.

"தம்பி, மூணு வருஷ வேலைக்கு இந்தத் தண்ணிதான் உசுரு."

"எங்களுக்கும் அதேதான் அண்ணி உசுரு."

எந்தக் கேள்விக்கும் ஏட்டிக்குப் போட்டியாய் விடை வைத்திருக்கும் தாங்கள், அன்று நேரே போய்க் குட்டையின் நீரை அளந்தீர்கள். அன்றிரவு வீட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தீர்களாம். "ஒரு பக்கம் பொண்டாட்டி, ஒரு பக்கம் தம்பி. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கிறது சும்மாவா சொன்னாங்க?" என்று பின்னாளில் தங்கள் கணவர் ஊசியில் நூல் கோத்தபடியே எங்களிடம் சொன்னார். அண்ணன் வீட்டு வாசலை மிதிப்பதையே தம்பி நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை தாங்கள் அன்றைய இயக்குநரின் அறைக்குள் போனீர்கள். உள்ளே நடந்த பேச்சு எங்களுக்கு எப்படித் தெரியும் என்று வியக்க வேண்டாம். அந்த அறையின் கதவு அன்றும் சரியாகச் சாத்த வராது; இன்றும் வராது.

"கடைசி வருஷம்மா இது. இதை விட்டா முதல் ரெண்டு வருஷமும் வீண்" என்றார் இயக்குநர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"வீண் இல்ல சார். தண்ணி இருக்கும்போது தழைச்சத்து என்ன செய்யும்னு நமக்குத் தெரிஞ்சுபோச்சு. தண்ணி இல்லாதப்ப என்ன செய்யும்? அதுக்கு நம்மகிட்ட ஒரு பாத்திகூட இல்ல. வெளிய நிக்கிற எல்லாருக்கும் அதுதான் சார் கேள்வி. மூணுல ஒரு பங்குத் தண்ணிய நாம வச்சுக்குவோம். நம்ம பாத்தியில பாதி காயட்டும். மீதித் தண்ணி அவங்களுக்குப் போகட்டும்."

"தப்பாப் போனா?"

"என் பேர்ல போகட்டும்."

"உங்க கொழுந்தனார் வயலும் அதுல இருக்கு. ஊரு என்ன பேசும்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சேன் சார். அவரு வயலுக்குத்தான் கடைசித் தண்ணி."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரை அறிந்தவர்களுக்கு அதுதான் சம்மதம்.

காயப்போகும் பாத்திகள் எவை என்பதைத் தாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. வேண்டிய பாத்திக்கு நீரும் வேண்டாததற்கு வறட்சியும் என்றாகிவிட்டால் அது ஆய்வாகாதே! நான்கு அளவு உரப் பாத்திகளுக்கும் தனித்தனியாகச் சீட்டு எழுதி, கணக்கரின் சாப்பாட்டு டப்பாவில் போட்டுக் குலுக்கி, அவரையே எடுக்கச் சொன்னீர்கள். ஒவ்வொரு சீட்டாய்ப் பிரித்தபோது தங்கள் முகத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். பெற்ற பிள்ளைகளில் யாரைப் பட்டினி போடுவது என்று கேட்டாற்போல் இருந்தது அந்த முகம். ஆனாலும் வாய்க்கால் மடையைத் தங்கள் கையாலேயே அடைத்தீர்கள்.

தண்ணீர் கிடைக்கும் என்றதும் உழவர்கள் மகிழ்ந்தார்கள். தாங்கள் விதித்த நிபந்தனையைக் கேட்டதும் கொதித்தார்கள். தண்ணீர் இப்போது இல்லை; கதிர் இலையுறைக்குள் திரளும் பொதிப்பருவத்தில்தான். தழைச்சத்து தரும் யூரியாவின் இரண்டாம் தவணையும் அதுவரை கூடாது. தண்ணீரோடு சேர்த்துப் பாதியளவுதான்.

"தாகத்துல கெடக்குறவன்கிட்ட அப்புறம் வா, தண்ணி தரேன்னா, இது என்ன நியாயம்?" என்று வாசலில் நின்ற கூட்டத்தில் ஒருவர் குரல் உயர்த்தினார்.

அப்போது தாங்கள் சொன்னதை எங்கள் அலுவலகச் சுவரில் எழுதி வைத்தால்கூடத் தகும். "அடியிலை மஞ்சளானா அது பசி. மேலிலை சுருண்டா அது தாகம். ரெண்டும் வேற வேற. தாகத்துக்கு யூரியாவப் போட்டா, விக்கல் எடுத்தவனுக்கு மாவ ஊட்டுன கதைதான். நம்மகிட்ட இருக்குறது ஒரே ஒரு தடவை பாய்ச்சுற தண்ணி. இப்ப விட்டா இலை குடிச்சிட்டுப் போயிடும். கதிர் திரளும்போது விட்டா, மணிக்குப் போகும். மத்தியானம் இலை சுருண்டா பயப்படாதீங்க, வெயிலுக்குப் பயிரு குடை பிடிக்குது. காலையில எந்திரிச்சுப் போய்ப் பாக்கும்போதும் சுருண்டே இருந்தா, வந்து சொல்லுங்க. அன்னைக்கே திறக்குறேன்."

அரைமனதாய்க் கலைந்தார்கள். கொழுந்தனார் முழுமனதாய் மறுத்தார். அடுத்த வாரம் ஒரு சிறு தூறல் விழுந்தது. அதை நம்பி, தம் வயலின் ஒரு நீண்ட பட்டையில் வீட்டில் இருந்த யூரியா முழுவதையும் தூவிவிட்டார்.

அம்மையீர், அதன்பின் வந்த நாட்கள் தங்களுக்கு எப்படிப்பட்டவை என்பதை அருகிருந்து அறிந்தவர்கள் நாங்கள். அந்தப் பட்டை கரும்பச்சையாய்க் கொழுத்தது; கிடுகிடுவென வளர்ந்தது. தேநீர்க் கடையில் பேச்சு பறந்தது. "ஆராய்ச்சியம்மா பேச்சைக் கேட்டவன் பயிரு முழங்கால் உசரம். கேக்காதவன் பயிரு இடுப்பு உசரம்!" சைக்கிளில் அவ்வழியே போகும்போது அது தங்கள் காதிலும் விழுந்தது. தாங்கள் தலையைக் குனியவுமில்லை, யாரையும் திட்டவுமில்லை. ஒருநாள் மண் துளைக்கும் கருவியோடு அந்தப் பட்டையில் இறங்கினீர்கள். ஆழத்திலிருந்து எடுத்த மண் கையில் பொடியாய் உதிர்ந்தது. பக்கத்துப் பயிரின் அடியில் எடுத்த மண்ணோ பிடித்தால் உருண்டையாய் நின்றது. வரப்பில் கைகட்டி நின்ற கொழுந்தனாரிடம் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினீர்கள்.

"தம்பி, இந்தப் பட்டை நாளைக்குக் குடிக்க வேண்டிய தண்ணிய இன்னைக்கே குடிச்சிடுச்சு."

"பாக்கலாம் அண்ணி" என்றார் அவர். ஆனால் அந்த மண்ணை வாங்கித் தம் விரலாலும் ஒருமுறை நசுக்கிப் பார்த்தார்.

நாளுக்கு நாள் வெயில் ஏறியது. காலை தோறும் உழவர்கள் வயலுக்குப் போய் இலையைப் பார்ப்பார்கள், விரிந்திருக்கும், திரும்புவார்கள். நாங்களோ நிலைய வாசலில் நின்று, யாரும் ஓடி வருகிறார்களா என்று பார்ப்போம். "இன்னும் ரெண்டு நாள் தாங்கிடுமா மேடம்?" என்று ஓட்டுநர் கேட்டால், "தாங்கணும்" என்பீர்கள். தாங்கும் என்று தாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத அந்த நேர்மைக்கு எங்கள் முதல் வணக்கம்!

ஒரு காலை ஓடி வந்தவர் கொழுந்தனாரே. மூச்சு வாங்கியது. "அண்ணி, பட்டையில இலை விரியல. மத்த வயல்லயும் ரெண்டு மூணு எடத்துல விரியல. வாக்குக் குடுத்தீங்க."

பல் துலக்கிய கையோடு தாங்கள் புறப்பட்டீர்கள். வயலில் ஒரு செடியைப் பிடுங்கி, நகத்தால் இலையுறையைக் கீறிப் பிரித்தீர்கள். உள்ளே, வெளிர்ப்பச்சை நிறத்தில், கட்டைவிரல் அளவுக்குக் கதிர் திரண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பச்சைப் பிள்ளையின் முகத்தைப் பார்க்கக் கூடினாற்போல் இருந்தது.

"ஒரு வாரம் முன்னாடி விட்டிருந்தா?" என்று கேட்டார் கொழுந்தனார். இம்முறை குரலில் வம்பு இல்லை.

"இலை குடிச்சிருக்கும். இப்ப கதிர் குடிக்கும்" என்றீர்கள். மடை திறந்தது.

தண்ணீர் முறைப்படி வயல் வயலாய் நகர்ந்தது. பாய்ந்த ஈரத்தில் உழவர்கள் யூரியாவைப் பாதியளவாய்த் தூவிக்கொண்டே போனார்கள். கொழுந்தனாரின் வயல் கடைசி. அதற்குள் அந்தக் கரும்பச்சைப் பட்டை, அடுப்பில் காட்டிய காகிதமாய் ஓரம் கருகத் தொடங்கிவிட்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல், வாசலில் அன்று குரல் உயர்த்தினாரே, அவரே வந்து சொன்னார்: "அம்மா, அவரு பயிரு ரொம்ப மோசமாயிருக்கு. எனக்கு வர்ற தண்ணிய முதல்ல அங்க திருப்புங்க. நாங்க யாரும் தப்பா எடுத்துக்க மாட்டோம்."

தாங்கள் கொழுந்தனாரைப் பார்த்தீர்கள். நாங்களும் பார்த்தோம். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "வேணாம். அண்ணி சொன்ன முறையிலயே போகட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். தாங்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றீர்கள். வெயில் அப்போது மேகத்துக்குள் இருந்தது.

பிறகு நடந்ததை ஊரறியும். தண்ணீரும் பாதியளவு யூரியாவும் பொதிப்பருவத்தில் சேர்ந்து கிடைத்த கடைமடை வயல்களில் கதிர் தலைசாய்த்து மணி கட்டியது. நல்ல ஆண்டின் விளைச்சல் இல்லைதான். ஆனால் கைவிட்டுப்போன பயிர் கைக்கு வந்தது. நிலையத்துப் பாத்திகளோ, தாங்கள் கேட்ட கேள்விக்கு வாய்திறந்து விடை சொல்லின. நீர் பெற்றவற்றில் தழைச்சத்து ஏற ஏற மணியும் ஏறியது. ஓர் அளவுக்குமேல் இட்டது வீணாய்ப் போனது. நீரற்றவற்றில் கதை தலைகீழ். தாராளமாய் உரம் தின்ற பயிர் தழையாய்த் தழைத்து, மண்ணின் ஈரத்தை முன்னதாகவே உறிஞ்சித் தீர்த்து, மணி கட்டும் வேளையில் வெறுங்கதிரை நீட்டிக்கொண்டு நின்றது. கொஞ்சமாய் உண்ட பயிரோ, உள்ளதைக் கொண்டு ஒப்பேற்றி, அதைவிட அதிகமாய் மணி தந்தது. தண்ணீர் இன்ன அளவு என்று தெரியாமல் தழைச்சத்து இன்ன அளவு என்று சொல்லவே கூடாது என்பது அன்று வெட்டவெளிச்சமானது.

அறுவடை பார்க்க இயக்குநர் வந்தார். கொழுந்தனாரும் வந்தார், கையில் தம் பட்டையிலிருந்து வெட்டிய ஒரு சோளத் தட்டை. தண்டு ஆள் உயரம், தலையில் சருகு. "சார், என் வயல்லயும் ஒரு பாத்தி ஆராய்ச்சி நடந்துச்சு. எனக்குச் சம்பளம் எப்ப போடுவீங்க?" என்று கேட்டார். அந்த இயக்குநர் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்தது அன்று ஒருநாள்தான். சிரித்து முடித்தபின், காய்ந்த பாத்தியின் கதிர் ஒன்றைத் தடவிப் பார்த்தவர், "இதைத்தாம்மா அறிக்கையோட முதல் பக்கத்துல போடணும்" என்று தங்களிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று மாலை கொழுந்தனார் அண்ணன் வீட்டு வாசலில் நின்று, "அண்ணி, சாப்பாடு இருக்கா?" என்று கேட்டாராம். "கை கழுவிட்டு வாங்க" என்றீர்களாம். இச்செய்தியை எங்களுக்குத் தந்த தையற்கலைஞர், அதைச் சொல்லும்போது அளவு நாடாவைக் கழுத்தில் இருமுறை சுற்றிக்கொண்டார்.

அந்த ஆண்டுக்குப் பின் நம் நிலையத்தின் உரப் பரிந்துரைத் துண்டறிக்கை மாறியது. இவ்வளவு உரம் இடுக என்று தொடங்கிய அறிக்கை, "உங்களிடம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?" என்று கேட்டுத் தொடங்கலாயிற்று. ஊருக்குக் கட்டளையிட்டுக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்தை ஊரிடம் கேள்வி கேட்க வைத்த பெருமை தங்களையே சாரும். இன்று நிலையத்துக் குட்டையிலிருந்து கடைமடைக்கு ஒரு நிலையான வாய்க்காலே இருக்கிறது.

ஆற்றலுக்கு அணியே! ஆராய்ச்சிக்கு ஆணியே! தங்களிடம் நாங்கள் பட்ட திட்டுகளையும் இங்கே பதியாமல் விட்டால் மடல் முழுமை பெறாது. செருப்போடு பாத்திக்குள் இறங்கியவரைத் திட்டினீர்கள், தராசைத் துடைக்காமல் நிறுத்தவரைத் திட்டினீர்கள், அழகான எண்ணாக வரவேண்டும் என்று நாலு எண்ணைச் சற்றே நகர்த்திய ஓர் ஆய்வாளரிடம், "கண்ணுல பட்டதை எழுதுங்க, மனசுல பட்டதை வீட்டுல போய்ச் சொல்லுங்க" என்றீர்கள். திட்டிய சூடு ஆறுமுன் அவரையே அழைத்துத் தேநீரும் வாங்கித் தந்தீர்கள். ஆய்வகத்துப் பெண்ணின் பேறுகாலத்தில் ஆய்வுக்காக அவள் கழுவ வேண்டிய சோள வேர்களையெல்லாம் தாங்களே அமர்ந்து கழுவியதை அவள் இன்றும் சொல்லிச் சொல்லிக் கண் கலங்குகிறாள். பதவி உயர்ந்தும் அந்த மூலை அறையை விட்டு வர மறுத்தீர்கள். காரணம் கேட்டபோது, "இங்கேருந்துதான் வயலு தெரியுது" என்றீர்கள்.

இனி, தாங்கள் அறியாத ஒரு செய்தி. இதை இந்நேரம்வரை தங்களிடமிருந்து மறைத்ததற்குத் தங்கள் கணவரும் உடந்தை.

கடைமடை உழவர்கள் சென்ற வாரம் கூடித் தம் நீர்ப்பங்கீட்டுக் குழுவுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டி இல்லை. முன்மொழிந்தவர், அன்று வாசலில் குரல் உயர்த்தியவர். வழிமொழிந்தவர் கொழுந்தனார். தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று எங்களில் ஒருவர் தயங்கியபோது, கொழுந்தனார் சொன்ன விடையை அப்படியே தருகிறோம்: "அண்ணி ரிட்டயர் ஆகுறது உங்க ஆபீஸ்லதான். எங்க கால்வாய்ல இல்ல." தங்கள் கணவரும் ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டுவிட்டார்: சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

முன்வரிசையில் வேட்டி சட்டையோடு விறைப்பாய் அமர்ந்திருக்கும் அந்த முப்பது நாற்பது பேரும் விழாவுக்கு மட்டும் வந்தவர்கள் அல்லர், அம்மையீர். தங்களைக் கையோடு அழைத்துப்போக வந்திருக்கிறார்கள்.

போய் வாருங்கள்! முழங்கால் நோவாமல் வரப்பில் நடக்கவும், கண்ணாடி இல்லாமல் இலையின் நிறம் காணவும், கணவரோடும் கொழுந்தனாரோடும் வாய்நிறையச் சிரித்திருக்கவும், பசித்தவருக்கு உணவும் தாகித்தவருக்கு நீரும் அந்தந்த வேளையில் அளக்கும் கை என்றும் தளராதிருக்கவும் நெஞ்சார வாழ்த்தி நிற்கிறோம். நாளைக் காலை வாய்க்கால் மடையில் தங்களுக்காகக் காத்திருப்பார்கள், சீக்கிரம் எழுந்துவிடுங்கள்.

அன்பும் நன்றியும் கொஞ்சம் பொறாமையும் கலந்து,
தானியச் சோள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வாளர்கள், ஆய்வகத்தார், அலுவலகத்தார், வயல் பணியாளர்கள், மற்றும் முதல் வரைவைக் கிழிக்கவைத்த டிராக்டர் ஓட்டுநர்